இதழகல்

ஊசி போட்டவள் சொல்லித்தான் அனுப்பினாள்:
முதல் நாள் ஒன்றும் தெரியாது,
இரண்டாம் நாள் பயந்துவிடாதீர்கள்.
தலைக்கு இரண்டு தலையணை.
சூடாக எதுவும் வேண்டாம். உறிஞ்சுகுழல் வேண்டாம்.
முத்தம்
என்று நிறுத்தி, சிரானுஷின் வயதை ஒருமுறை பார்த்து,
அதுவும் வேண்டாம் என்று முடித்தாள்.

இரண்டாம் நாள், யெரெவானில் பிப்ரவரி.
நான்காம் மாடிக் குளியலறைக் கண்ணாடியில்
முதலில் வந்து நின்றது உதடு.
பிறகுதான் அவள்.

அத்திப்பழம் போல என்று எழுத எனக்கும் ஆசைதான்.
பழத்துக்கு வலிக்காது.
இது, அளவு தெரியாதவன் தைத்த சட்டையாக
உள்ளிருந்து இறுக்கியது.
இடது ஓரத்தில் பச்சைப்பயறளவு ஒரு கட்டி;
நாக்கு அதை விட்டு வருவதாயில்லை.
மூக்கிலிருந்து வாய்க்கு இறங்கும் வாய்க்கால் இரண்டும் தூர்ந்து
கரையெல்லாம் கத்தரிப்பூ நிறம்.
சன்னல் கம்பியில் தொங்கிய பனிக்கூரை ஒடித்து
துணியில் சுற்றி ஒற்றினாள்.
கடைவாயில் நீர் ஒழுகியதுகூடத் தெரியவில்லை.

வாஹ்ராமுக்குக் காது போய்ப் பத்தொன்பது வருஷம்.
ரோஜா நிற எரிமலைக்கல் அறுக்கும் பட்டறை;
கல்லைத் தின்ற ரம்பம்
கொசுறாக இதையும் தின்றது.
அன்றிலிருந்து உலகம் அவரோடு பேசுவது
இவள் வாயில்தான்.
மின்கட்டணம் கூடியது, மகள் கிராஸ்நொடாரில் வீடு மாறியது,
எதிர்வீட்டில் யார் செத்தது,
எல்லாம் அந்த இரண்டு விரற்கடையில் படித்தார்.

காலையில் ரொட்டியை நீட்டி ஏதோ சொன்னாள்.
பார்த்தார்.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.
"ஏன் கத்துகிறாய்?" என்றார்.

கத்த வாய் ஏது?
உதடும் உதடும் தொட்டால் உயிர் போகிறது.
பகரம் போயிற்று. மகரம் போயிற்று.
மேற்பல் கீழுதட்டில் உட்கார வேண்டிய வகரமோ
நினைத்தாலே கண்ணீர்.
அவர் பெயர் வகரத்தில் திறந்து மகரத்தில் மூடுவது.
நம் புலவர்கள் வித்தை காட்ட
உதடு ஒட்டாமல் பாடினார்கள்.
இவள் வேறு வழியில்லாமல், வெறும் வயிற்றோடு:

     தீ. இதழ் நின்ற இடத்தில் தீ.
     தின்ன ஆகலை, சிரிக்க ஆகலை.
     காசை இறைத்தே இதை அடைந்தேன்.
     தேநீர் ஆற்றித் தா.
     என்னைக் கண்டால் சிரிக்காதே.

அவர் சிரிக்கவில்லை.
ஒரு சொல்லும் பிடிபடவில்லை, அதனால்.

யாருக்காக இந்த வயதில், என்று தங்கை கேட்டிருந்தாள்.
பதில் சொல்லவில்லை.
பத்தொன்பது வருஷமாக ஒரு மனுஷன்
கண்ணைப் பார்க்காமல், கழுத்தைப் பார்க்காமல்
அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தால்
அந்த இடத்துக்கு ஒருமுறை
வெள்ளையடிக்கத் தோன்றாதா?

வெளுத்தால், வலைபோலக் கோடு ஓடினால்
உடனே அழைக்கவும், என்றது கொடுத்த தாள்.
இரவு இரண்டு மணி. கைபேசி வெளிச்சம்.
உதட்டை அழுத்தி, விட்டு,
சிவப்பு திரும்புகிறதா என்று எண்ணினாள்.
ஒன்று. இரண்டு. வந்தது.
நம்பாமல் மறுபடி அழுத்தினாள்.
அவர் எழுந்து தாளை வாங்கிப் படித்தார்.
பிறகு, கல் வெட்டிக் காய்த்த கட்டைவிரலை
வெந்த பாலின் ஆடையில் வைப்பதுபோல் வைத்து எடுத்தார்.
"சிவக்குது!"
தன் குரல் தனக்குக் கேட்காதவரின் குரல்.
பக்கத்து வீட்டில் சுவரைத் தட்டினார்கள்.
"சிவக்குது!" என்றார் இன்னொரு முறை.

ஐந்தாம் நாள் கத்தரிப்பூ மஞ்சளாயிற்று.
உதடுகள் தயங்கித் தயங்கித் தொட்டுக்கொண்டன.
அவர் பெயரைச் சொன்னாள்.
தலையைச் சாய்த்துப் பார்த்தார்.
"புரிகிறது. ஆனால் கியும்ரிக்காரி மாதிரி பேசுகிறாய்."

அவள் கியும்ரிக்குப் போனதே இல்லை.
அவர் நாற்காலியை இழுத்து
எதிரில் போட்டுக்கொண்டார்.
நாக்கு ஒருமுறை போய்
பச்சைப்பயறைத் தொட்டு வந்தது.
மின்கட்டணத்திலிருந்து தொடங்கினாள்.